இன்யோ கவுண்டி: தண்ணீர் போன வழியில் ஒரு பயணம்

முதல் நாள்: லிட்டில் லேக், கார்ட்டாகோ, கீலர்

லாஸ் ஏஞ்சலஸை விட்டு 14ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, இன்யோகர்ன் தாண்டி 395இல் சேர்ந்தால் கொஞ்ச தூரத்தில் இன்யோ கவுண்டியின் எல்லைப் பலகை வரும். பலருக்கு இது மாமத் லேக்ஸ் பனிச்சறுக்குக்குப் போகும் வழி, அவ்வளவுதான். நூறு மைலுக்கு மேல் இந்தக் கவுண்டிக்குள் ஓட்டிவிட்டு, பெட்ரோல் போட நின்றதைத் தவிர எதையும் பார்க்காமல் போய்விடுகிறார்கள். இந்தத் தொடர் அவர்களுக்காக.

பரப்பில் சான் பெர்னார்டினோவுக்கு அடுத்து கலிஃபோர்னியாவின் பெரிய கவுண்டி இதுதான். சுமார் 10,200 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 19,016. சட்டப்படி நகரம் என்றால் பிஷப் மட்டுமே. கவுண்டித் தலைநகரமான இண்டிபெண்டன்ஸ் ஒரு சிற்றூர். நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசுடையது. தனியார் கையில் இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தில் ஏறத்தாழ 2,50,000 ஏக்கரை, 200 மைலுக்கு அப்பால் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் வைத்திருக்கிறது. வழியில் பார்க்கும் பட்டுப்போன மரங்களுக்கும், ஆளில்லாத வயல்களுக்கும், புழுதிக்கும் காரணம் இந்த ஒரு விவரத்தில் இருக்கிறது.

நில அமைப்பு எளிது. மேற்கே சியாரா நெவாடா, கிழக்கே வைட் மலைகளும் இன்யோ மலைகளும். இரு வரிசைக்கும் நடுவே, பூமி இழுபட்டுப் பிளந்து இறங்கிய தரைதான் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. பசிபிக்கிலிருந்து வரும் மேகம் சியாராவிலேயே பனியாகக் கொட்டித் தீர்ந்துவிடும். பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 5 அங்குல மழை கிடைத்தால் பெரிது. ஆனால் அந்தப் பனி உருகி டஜன் கணக்கில் ஓடைகளாக இறங்கி ஓவன்ஸ் ஆற்றில் சேரும். மழை கிடையாது, ஆற்றில் தண்ணீர் உண்டு. இங்கே நடந்த சண்டைகள் எல்லாம் அந்தத் தண்ணீருக்காக.

லிட்டில் லேக்குக்கு வடக்கே, சிவப்பு எரிமலைக் கூம்பு தெரியும் இடத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஃபாசில் ஃபால்ஸ். பனியுகத்தில் ஓவன்ஸ் ஆறு இதுவரை வழிந்து, கருங்கல் போல இறுகிய எரிமலைக் குழம்பைக் குடைந்த இடம். சுழலும் நீரில் கற்கள் சுற்றிச் சுற்றித் துளைத்த குழிகளில் ஆளே இறங்கி நிற்கலாம். பாறை வழவழப்பானது. மேலே நடக்கும்போது விளிம்பை விட்டுத் தள்ளியே நடக்க வேண்டும்.

கார்ட்டாகோ தாண்டியதும் வலப்பக்கம் வெள்ளையாக விரிவது ஓவன்ஸ் ஏரி. 100 சதுர மைலுக்கு மேல் பரந்த உப்பேரி; ஆறு வந்து முடியும் இடம், வெளியே போக வழி கிடையாது. 1870களில் இதில் நீராவிப் படகு ஓடியது. கிழக்கே செர்ரோ கோர்டோ மலையில் 8,500 அடி உயரத்தில் வெள்ளியும் ஈயமும் உருக்கினார்கள். கட்டிகளைக் கழுதை வண்டியில் ஏரியைச் சுற்றிக் கொண்டுபோகப் பல நாள் ஆனதால், 1872இல் ‘பெஸ்ஸி பிரேடி’ என்ற படகை இறக்கினார்கள். அது சில மணி நேரத்தில் கார்ட்டாகோ கரைக்குக் கடத்திவிட்டது. அங்கிருந்து ரெமி நாடோவின் கோவேறு கழுதை வண்டிகள் லாஸ் ஏஞ்சலஸுக்கு ஏற்றிப்போயின. அந்த நகரம் தன் சிறு வயதில் வளர்ந்ததில் இந்த மலையின் சரக்குக்குப் பெரிய பங்கு உண்டு. உருக்கு உலைகளுக்குக் கரி சுட்ட இரண்டு மண் சூளைகள் கார்ட்டாகோவுக்கு வடக்கே, 395இலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் கிழக்கே கரைந்துகொண்டிருக்கின்றன. வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். கைபட்டாலே உதிரும்.

1913இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் ஆற்றைக் கால்வாயில் தன் பக்கம் திருப்பியதும் ஏரிக்கு வரத்து நின்றது. 1920களின் நடுவில் தரை தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் உண்மையான தொல்லை. அடியில் உப்புநீர் ஊறி மேலே வந்து காயும்போது சோடா உப்பு படிகமாகிறது. குளிர்காலத்தில் அந்தப் படிகம் ஈரத்தை இழுத்து ஊதி, மேல்தோட்டைப் பொலபொலவென்று ஆக்குகிறது. பிறகு ஒரு பலத்த காற்று போதும். பத்து மைக்ரானுக்கும் நுண்ணிய தூசு கீலர், லோன் பைன் மக்களின் நெஞ்சுக்குள் போகும். அமெரிக்காவிலேயே இவ்வகைத் தூசுக்கு மிகப் பெரிய ஒற்றை ஊற்றாக இந்த ஏரி பல ஆண்டுகள் இருந்தது. அனுமதித்த அளவைப் போல நூறு மடங்கு தாண்டிய நாட்களும் உண்டு.

2001 முதல் மாநகரம் சட்டக் கட்டாயத்தில் தூசை அடக்கி வருகிறது. மூன்று முறைகள் அடிப்படை: குழாய் போட்டுத் தரையை ஆழமில்லாமல் நனைத்து வைப்பது, உப்பைத் தாங்கும் புல் வளர்ப்பது, சரளைக்கல்லைக் கெட்டியாகப் பரப்புவது. நனைப்பதற்குத் தண்ணீர் அதிகம் போகிறது. சரளைக்குத் தண்ணீர் வேண்டாம், ஆனால் பறவைக்கு அதனால் பயனில்லை. செலவு 200 கோடி டாலரைத் தாண்டியாயிற்று. ஆழமற்ற அந்தக் குட்டைகளுக்கு ஏப்ரலிலும் செப்டம்பரிலும் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. கரைச்சாலைகளில் வண்டி போகலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். மேலே காய்ந்ததுபோல் தெரியும் களிமண்ணில் சக்கரம் அச்சுவரை இறங்கும்.

கீலரிலிருந்து செர்ரோ கோர்டோவுக்கு 8 மைல் மண்சாலை. ஏற்றம் 5,000 அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு சக்கர இழுவை வேண்டும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். முதல் கியரில் விட்டு இறங்குங்கள். மேலே இருப்பது தனியார் நிலம், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இரண்டாம் நாள்: லோன் பைன்

ஊருக்கு வடக்கே 395இன் மேற்கு ஓரத்தில், சிறு மேட்டின்மேல் வெள்ளை வேலி. 1872 மார்ச் 26 அதிகாலை இரண்டரை மணிக்கு வந்த நிலநடுக்கத்தில் செத்தவர்களில் ஒரு பகுதியினரை ஒரே குழியில் அங்கே புதைத்தார்கள். லோன் பைனில் இருந்த 59 வீடுகளில் 52 விழுந்தன. 27 பேர் இறந்தார்கள். வீடுகள் மண்கல்லாலும் சாந்தில்லாத கல்லாலும் கட்டியவை. கூரையோடு தூங்கியவர்கள்மேல் சரிந்தன. மரச்சட்டத்தில் கட்டியவை பெரும்பாலும் தப்பின. கலிஃபோர்னியாவில் பதிவான மிகப் பெரிய நடுக்கங்களில் இது ஒன்று. ஊருக்குத் தெற்கே இருக்கும் டயஸ் ஏரியும் அன்று பிறந்ததுதான். நிலம் தாழ்ந்து, ஊற்று பெருகிப் பள்ளத்தை நிரப்பியது. இப்போது அங்கே கவுண்டி நடத்தும் கூடார இடம் இருக்கிறது.

அலபாமா ஹில்ஸ் ஊருக்கு மேற்கே, விட்னி போர்ட்டல் சாலையில் மூன்று மைல். உருண்டை உருண்டையான பழுப்புப் பாறைகள். பின்னால் ஈட்டிபோல் நிற்கும் விட்னி சிகரம். இரண்டும் ஒரே வகைக் கருங்கல் என்றால் நம்புவது கடினம். மலைமேல் பாறை இடுக்கில் தண்ணீர் உறைந்து விரிந்து பிளப்பதால் கூர்மை. கீழே பாறை நெடுங்காலம் மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்து மூலைகள் முதலில் மட்கியதால் உருண்டை. 1920 முதல் 400க்கும் மேற்பட்ட படங்களை இங்கே எடுத்திருக்கிறார்கள். 1939இல் வந்த ஒரு படத்தில் இந்தப் பாறைகள்தான் இந்தியாவின் வடமேற்கு எல்லை. ஊரின் தெற்குக் கோடியில் திரைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. குன்றுகளின் பெயர்க்கதை 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரைச் சேர்ந்தது. தென்மாநில ஆதரவுச் சுரங்கக்காரர்கள் தங்கள் போர்க்கப்பலான அலபாமாவின் பெயரை இந்தக் குன்றுகளுக்கு வைத்தார்கள். 1864இல் அதை மூழ்கடித்த வடமாநிலக் கப்பல் கியர்சார்ஜின் பெயரை, எதிர்த்தரப்பு இண்டிபெண்டன்ஸுக்கு மேலே ஒரு சிகரத்துக்கு வைத்தது.

மூவி ரோட்டில் நுழைந்து மோபியஸ் வளைவு வரை நடந்து திரும்ப அரை மணி நேரம். காலை வெளிச்சம் சிகரத்தில் முதலில் விழுந்து பிறகுதான் பாறைக்கு இறங்கும். அதனால் விடிவதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருக்க வேண்டும். 2019இல் இது தேசிய எழில்பகுதி ஆனது. குறித்த இடத்தில் மட்டுமே கூடாரம் போடலாம், அனுமதிச் சீட்டும் தேவை. செடி முளைக்காத தரையைப் பார்த்து வண்டியை விடுகிறவர்கள் அதிகம். அந்தத் தடம் ஆண்டுக்கணக்கில் மறையாது.

விட்னி சிகரம் 14,505 அடி. முதலில் ஏறியவர்கள் 1873 ஆகஸ்டில் லோன் பைனைச் சேர்ந்த மூன்று மீன்பிடிக்காரர்கள்: பிகோல், ஜான்சன், லூகஸ். இன்று மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு ஒரே நாளில் ஏறி இறங்குவோர் 100 பேர், இரவு தங்குவோர் 60 பேர் என்பது கணக்கு. பிப்ரவரி முழுவதும் திறந்திருக்கும் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். போய்வர 22 மைல், ஏற்றம் 6,000 அடிக்கு மேல். தோற்றுத் திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வலி காரணமாக இருக்காது, உயரம்தான். கடல்மட்டத்திலிருந்து முந்தின நாள் வந்து இரவு ஒரு மணிக்கு நடக்கத் தொடங்குவார்கள், 12,000 அடியில் தலைவலியும் வாந்தியும் பிடிக்கும். ஓரிரு இரவு 8,000 அடிக்கு மேல், போர்ட்டலிலோ ஹார்ஸ்ஷூ மெடோஸிலோ தூங்கிவிட்டு ஏறுங்கள். பிற்பகலில் இடி விழும், நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும். மலத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவது கட்டாயம்.

மூன்றாம் நாள்: மன்சனார், இண்டிபெண்டன்ஸ்

இன்று ஓட்டியது 16 மைல்தான். ஆனாலும் நாள் போதவில்லை.

லோன் பைனுக்கு வடக்கே நாலைந்து மைலில் கால்வாயின்மேல் அலபாமா கேட்ஸ். வெள்ளம் வந்தால் தண்ணீரைப் பழைய ஆற்றுக்குத் திறந்துவிடும் மதகு. தண்ணீரை மாநகரம் கொண்டுபோவதை எதிர்த்து 1924 நவம்பர் 16 காலையில் ஏறத்தாழ 70 பேர், பிஷப் வங்கியாளர் மார்க் வாட்டர்சன் முன்னே போக, வந்து மதகைத் திறந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக வேண்டிய தண்ணீர் நான்கு நாள் ஏரிப்பக்கம் ஓடியது. பள்ளத்தாக்கே கூடி அங்கே சமைத்துச் சாப்பிட்டது. சற்றுத் தூரத்தில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவை அனுப்பி வைத்தார். அதே ஆண்டு மே மாதம்தான் கால்வாய்க்கு முதல் வெடி வைத்திருந்தார்கள். 1927 வரை வெடி தொடர்ந்தது. அந்த ஆகஸ்டில் வாட்டர்சன் சகோதரர்களின் வங்கி மூடியது, கையாடலுக்காக இருவரும் சிறைக்குப் போனார்கள். ஊர்ச் சேமிப்பு முழுக்க அந்த வங்கியில் இருந்ததால் எதிர்ப்பும் அத்தோடு முறிந்தது. 1930களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் 95 சதவீதமும் ஊர் மனைகளில் 85 சதவீதமும் மாநகரத்தின் பெயரில் இருந்தன.

அப்படி வாங்கப்பட்ட ஊர்களில் ஒன்று மன்சனார். 1910இல் ஆப்பிள் தோட்டத்துக்காகப் போட்ட குடியிருப்பு, 1929க்குள் காலி. 1941 டிசம்பரில் பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட பின், 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை, மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும், வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஆளில்லாத இந்த நிலம் முகாமுக்குத் தோதாகக் கிடைத்தது. கால்வாய் நீரில் நஞ்சு கலப்பார்கள் என்று பயந்து மாநகர நீர்த்துறை எதிர்த்தும் முகாம் வந்தது.

ஒரு சதுர மைலுக்குள் 36 தொகுதிகள். தொகுதிக்கு 14 தங்கும் கொட்டகைகள், ஒரு பொதுச் சமையல்கூடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறைக் கொட்டகை. கொட்டகை ஒவ்வொன்றும் 20 அடிக்கு 100 அடி. அதை நாலாகத் தடுத்து, 20க்கு 25 அடி அறையில் எட்டுப் பேர் வரை. ஓர் எண்ணெய் அடுப்பு, ஒரு பல்பு, வைக்கோல் திணித்த மெத்தை. பச்சைப் பலகை காய்ந்து சுருங்கியதில் இடுக்கெல்லாம் புழுதி. உச்சத்தில் 10,046 பேர் இருந்தார்கள். மொத்தம் 11,000க்கும் மேற்பட்டோர் இந்த வாசலுக்குள் வந்து போனார்கள். எட்டுக் காவல் கோபுரங்கள், முள்வேலி. பெற்றோர் இல்லாத நூறு பிள்ளைகளைக்கூட ஆபத்தென்று கருதித் தனி இல்லத்தில் வைத்தார்கள்.

1942 டிசம்பர் 6 அன்று சமையலாள் ஹாரி உயெனோவைக் கைது செய்ததை எதிர்த்துக் கூட்டம் திரண்டது. சர்க்கரையும் இறைச்சியும் முகாமிலிருந்து திருடுபோகின்றன என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். படையினர் சுட்டதில் 17 வயதும் 21 வயதும் ஆன இருவர் இறந்தார்கள். 1945 நவம்பர் 21 அன்று கடைசி ஆட்களும் வெளியேற்றப்பட்டனர். கையில் 25 டாலரும் ஒருவழிச் சீட்டும். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி.

பார்ப்பதற்கு வரிசை சொல்கிறோம். முதலில் 1944இல் கட்டிய பழைய கலையரங்கம்; இப்போது அதுவே பார்வையாளர் கூடம். 1990கள் வரை இந்தக் கட்டடத்தில் கவுண்டியின் ரோடுவேலை வண்டிகளைப் பழுது பார்த்தார்கள் என்பதால்தான் இடிபடாமல் நின்றது. நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கிருந்து 14ஆம் தொகுதியில் மறுபடி கட்டியிருக்கும் கொட்டகைகளும் கழிப்பறையும். தடுப்பே இல்லாத அந்தக் கழிப்பறை வரிசையை நின்று பாருங்கள். எந்தப் பலகையும் சொல்லாததை அது சொல்லும். பிறகு 3.2 மைல் வண்டிச் சுற்று. பாதியில் இறங்கித் தோட்டங்களைத் தேடுங்கள். அடைபட்டவர்கள் கல் அடுக்கி, குளம் வெட்டி, பாலம் வைத்து அமைத்தவை. மணலில் புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1910களின் பேரி, ஆப்பிள் மரங்களை முகாமில் இருந்தவர்கள் கிளை கழித்து, நீர் பாய்ச்சிக் காப்பாற்றினார்கள். சில இன்னும் காய்க்கின்றன. மேற்குக் கோடியில் கல்லறைத் தூண். கற்கொத்தர் ரியோஸோ காடோ 1943இல் எழுப்பியது. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஆண்டு யாத்திரை நடக்கும்; அன்று விடுதி கிடைக்காது. நிழல் எங்கும் இல்லை. பிற்பகலில் காற்று எழும், தொப்பியும் கண்ணாடியும் வேண்டும்.

இண்டிபெண்டன்ஸின் பெயர் 1862 ஜூலை 4 அன்று போட்ட படைமுகாமிலிருந்து வந்தது. அதற்கு முந்தின கடுங்குளிரில், ஆரோரா சுரங்கங்களுக்கு ஓட்டிவந்த மாடுகள், இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடியினரான பையூட் மக்கள் நீர் பாய்ச்சி வளர்த்த கிழங்கு வயல்களை மேய்ந்தழித்தன. பசித்தவர்கள் மாட்டை அடித்தார்கள், போர் மூண்டது. 1863 ஜூலையில் ஏறத்தாழ ஆயிரம் பையூட்டுகளைக் கோடை வெயிலில் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திப் போனார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 850. பலர் பின்னர் நடந்தே திரும்பி, தங்கள் சொந்த வயலில் கூலிக்கு நின்றார்கள். கிழக்குக் கலிஃபோர்னியா அருங்காட்சியகத்தில் அவர்களின் கூடைகளுக்கென்று ஒரு மணி நேரமாவது வையுங்கள். தண்ணீர் ஒழுகாமல் பின்னிப் பிசின் பூசிய குடங்களும், சூடான கல்லைப் போட்டுக் கூழ் காய்ச்சிய கூடைகளும் அங்கே இருக்கின்றன.

நான்காம் நாள்: கால்வாயின் தலைமதகு, பிக் பைன்

இண்டிபெண்டன்ஸுக்கு வடக்கே சுமார் 12 மைலில் ஓவன்ஸ் ஆறு கால்வாயாகிறது. மாநகர நீர்த்துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் மல்ஹாலந்து கட்டியது. 1908இல் பெரும்பணி தொடங்கி, 1913 நவம்பர் 5 அன்று திறந்தார்கள். 233 மைல், முழுக்கப் புவியீர்ப்பில் ஓடுகிறது, ஓர் இறைப்பானும் இல்லை. பொறியியலாக இது பெரிய வேலை, அதை மறுக்க முடியாது. அதற்கு முன் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் கால்நடை வளர்ப்பவர்போல வந்து நில, நீர் உரிமைகளை வாங்கியதும், பாசனத் திட்டத்துக்கு ஆய்வு செய்ய வந்த மத்திய அரசுப் பொறியாளர் லிப்பின்காட் மாநகரத்திடமும் சம்பளம் வாங்கியதும் இந்த மண்ணில் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

1970இல் இரண்டாவது கால்வாய் வந்து, அதை நிரப்ப நிலத்தடி நீரை உறிஞ்சியதில் ஊற்றுகள் வற்றின. கவுண்டி 1972இல் வழக்குப் போட்டது. நீண்ட இழுபறிக்குப் பிறகு, 2006 டிசம்பர் 6 அன்று கீழ் ஓவன்ஸ் ஆற்றின் 62 மைலுக்கு மறுபடி தண்ணீர் விட்டார்கள். அடிப்படை ஓட்டம் வினாடிக்கு 40 கன அடி. இன்று நாணலும் வில்லோவும் மண்டிக் கிடக்கின்றன. படகு விட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: நாணல் சில இடங்களில் ஆற்றை முழுக்க அடைத்திருக்கிறது, இழுத்துக் கடக்க ஆள் வேண்டும்.

பிக் பைனிலிருந்து 168இல் கிழக்கே 13 மைல், பிறகு வைட் மவுண்டன் சாலையில் 10 மைல் ஏறினால் ஷுல்மன் தோப்பு. 4,000 அடியிலிருந்து 10,000 அடிக்கு. மேலே குடிநீர், பெட்ரோல், கடை எதுவும் இல்லை. கோடையில் ஏறும்போது ஏசியை நிறுத்திவிடுங்கள், வெப்பமுள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். நவம்பர் நடுவிலிருந்து மே நடுவரை பனியால் சாலை மூடியிருக்கும்.

இங்கே நிற்கும் பிரிஸில்கோன் பைன்களில் ஒன்றான மெத்துசேலாவுக்கு 4,800 வயதுக்கு மேல். 1957இல் எட்மண்ட் ஷுல்மன் வளையம் எண்ணிக் கண்டார். எந்த மரம் என்று வனத்துறை காட்டாது, அதுவே சரி. மரம் இவ்வளவு நாள் வாழ்வது வசதியான இடத்தில் இல்லை. சத்தில்லாத வெளிர் டோலமைட் மண்ணில் வேறு செடி போட்டிக்கு வராது, மரங்கள் விலகி நிற்பதால் தீ தாவாது. மெதுவாக வளர்வதால் கட்டை கனத்துப் பிசினேறிப் பூச்சியும் பூஞ்சையும் நுழைய முடியாது. பட்டையில் பெரும்பகுதி செத்தாலும் ஒரு கீற்று உயிரோடிருந்து ஒரு கிளையைக் காக்கும். ஊசியிலை ஒன்று 40 ஆண்டு வரைகூட உதிராமல் நிற்கும். செத்த கட்டையும் ஆயிரக்கணக்கான ஆண்டு மட்காமல் கிடப்பதால், அவற்றின் வளையங்களை உயிருள்ள மரத்தோடு பொருத்திக் காலவரிசையைப் பின்னோக்கி நீட்டினார்கள். கார்பன் முறைக் காலக்கணிப்பில் இருந்த பிழையைத் திருத்தியது இந்த வரிசைதான். ஆகவே கீழே விழுந்து கிடக்கும் ஒரு துண்டையும் எடுக்காதீர்கள். ஒரு மைல் சுற்றுப்பாதை அனைவருக்கும் ஏற்றது. நாலரை மைல் மெத்துசேலா பாதைக்கு மூன்று மணி நேரமும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் வையுங்கள்.

ஐந்தாம் நாள்: பிஷப்

ஊருக்குள் ரொட்டிக்கடையில் கூட்டம், மே மாதக் கடைசி விடுமுறையில் கோவேறு கழுதைத் திருவிழா, பாறையேறும் இளைஞர்கள். இவற்றை எந்த வழிகாட்டியும் சொல்லிவிடும். நாம் பையூட் பண்பாட்டு மையத்துக்குப் போவோம்.

வெள்ளையர் வருமுன்பே பிஷப் ஓடையில் கல், குச்சி, மண் கொண்டு அணை கட்டி மைல்கணக்கில் வாய்க்கால் ஓட்டியிருந்தார்கள் பையூட் மக்கள். வடக்கு வயல் ஓராண்டு, தெற்கு வயல் ஓராண்டு என்று மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். நீர்பாய்ச்சியை ஊர் கூடித் தேர்ந்தெடுத்தது. வளர்த்தவை நம் கோரைக்கிழங்கின் இனமான தபூஸும், நீலப்பூ பூக்கும் ஒரு செடியின் கிழங்கும். இலையுதிர்காலத்தில் அணையை உடைத்துவிடுவார்கள்; வற்றும் வாய்க்காலில் மீன் அள்ளலாம். கிழங்கோடு இன்யோ மலையின் பின்யன் கொட்டையும், உப்பேரிக் கரையில் ஒதுங்கும் ஈக்கூட்டுப் புழுவும் சேர்ந்தால் குளிர்காலம் ஓடிவிடும்.

1912இல் பிஷப் பையூட் மக்களுக்கென்று 67,000 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1932இல் அதைத் திரும்ப எடுத்து மாநகரத்தின் நீர்ப்பிடிப்புக்கென்று வைத்தார்கள். 1930களின் கடைசியில் வேறொரு மாற்று: பழங்குடியினரின் ஏறத்தாழ 2,900 ஏக்கரை மாநகரத்துக்குக் கொடுத்து, பிஷப், பிக் பைன், லோன் பைனில் ஏறத்தாழ 1,400 ஏக்கர் வாங்கினார்கள். நிலம் கைமாறியது, நீருரிமை மாறவில்லை. மாநகரச் சாசனப்படி நீருரிமையைக் கொடுக்க வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்ப வேண்டும். அந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை.

ஊருக்கு வடக்கே ஃபிஷ் ஸ்லூ என்ற சதுப்பு, மோனோ கவுண்டியை ஒட்டி. இரண்டரை அங்குலத்தைத் தாண்டாத ஓவன்ஸ் பப்ஃபிஷ் என்ற சிறு மீன் அழிந்தே போயிற்று என்று 1948இல் முடிவு கட்டி, 1964இல் மறுபடி இங்கே கண்டார்கள். 1969 ஆகஸ்ட் 18 அன்று குட்டை வற்றிக்கொண்டிருந்தது. மாநில மீன்துறை உயிரியலாளர் ஃபில் பிஸ்டர் உலகில் மிச்சமிருந்த சுமார் 800 மீன்களையும் இரண்டு வாளிகளில் எடுத்து நடந்தார். இன்று இருக்கும் பப்ஃபிஷ் எல்லாம் அந்த வாளிகளின் வழிவந்தவை. பிஷப்பில் தெரு ஒன்றுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றால் எங்கள் ஓட்டு அவருக்கே.

நேரம் இருந்தால் 6ஆம் நெடுஞ்சாலையில் லாஸ் ரயில் அருங்காட்சியகம். 1883இல் கீலர் வரை வந்த மூன்றடிக் குறும்பாதை 1960 ஏப்ரலில் நின்ற இடம்.

ஆறாம் நாள்: டெத் வேலி, டெகோப்பா

பிஷப்பில் டேங்கை நிரப்பிக்கொண்டு, தெற்கே லோன் பைன் வந்து 136, 190 வழியாகக் கிழக்கே. பனமின்ட் ஸ்பிரிங்ஸ், ஸ்டவ்பைப் வெல்ஸ், ஃபர்னஸ் கிரீக் மூன்றிலும் பெட்ரோல் உண்டு, விலைதான் அதிகம். டவுன் கணவாய் ஏறக்குறைய 5,000 அடி. ஏறும்போது எஞ்சின் கொதிக்கும், இறங்கும்போது பிரேக் கருகும். இரண்டுக்கும் மருந்து குறைந்த கியர். கைபேசி வழிகாட்டி ‘குறுக்கு வழி’ என்று காட்டும் மண்சாலைகளை நம்பி உயிரிழந்தவர்கள் உண்டு. காகித வரைபடம் வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடுவோருக்கு ஆளைவிட வண்டி முதலில் தெரியும். கோடையில் காலை 10 மணிக்குப் பிறகு தாழ்நிலத்தில் நடை கூடாது. 1913 ஜூலை 10 அன்று 134 பாரன்ஹீட் பதிவானது ஃபர்னஸ் கிரீக்கில்தான்.

பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே. விட்னி சிகரத்திலிருந்து நேர்கோட்டில் 85 மைல்தான், அதே கவுண்டிக்குள். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. ஓராண்டுக்குரிய மழை அது. சாலைகள் அறுந்தன, உப்புத்தரையில் மாதக்கணக்கில் ஏரி நின்றது.

ஹார்மனி வெண்கார ஆலை 1883 முதல் 1888 வரை நடந்தது. சீனத் தொழிலாளர்கள் உப்புத்தரையில் பஞ்சுருண்டைபோல் கிடக்கும் தாதுவை வாரிச் சேர்த்தார்கள், நாள்கூலி 1.30 டாலர், அதிலும் சாப்பாட்டுக்குப் பிடித்தம். கொதிக்கவைத்த கரைசல் ஆறினால்தான் வெண்காரம் படியும். கோடையில் அது ஆறவே ஆறாது. அதனால் அந்த மாதங்களில் வேலையை டெகோப்பா பக்கம் மாற்றினார்கள். பதினெட்டுக் கோவேறு கழுதையும் இரண்டு குதிரையும் பூட்டிய வண்டித்தொடர் மொஹாவே ரயிலடிக்கு 165 மைல், பத்து நாள். இரண்டு வண்டி, வண்டிக்குப் பத்து டன், கடைசியில் 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டி. பின் சக்கரம் ஏழடி உயரம். ஆலையில் நிற்கும் வண்டியருகே போய் அச்சாணி உங்கள் உடம்பில் எந்த மட்டத்துக்கு வருகிறது என்று பாருங்கள்.

ஃபர்னஸ் கிரீக்கிலேயே டிம்பிஷா ஷோஷோனி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. கோடையில் மலைக்கும் குளிரில் பள்ளத்துக்கும் மாறி வாழ்ந்தவர்கள். 1933இல் டெத் வேலி தேசியச் சின்னமானபின் அவர்களை ஓரிடத்தில் ஒதுக்கினார்கள். பின்னர் ஆள் இல்லாத மண்வீடுகளைத் தண்ணீர் பீச்சியே கரைத்தார்கள். பவுலின் எஸ்டிவ்ஸ் போன்ற மூத்தோர் விடாமல் நின்றதில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் 7,700 ஏக்கருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. அதில் ஃபர்னஸ் கிரீக்கில் உள்ளது சுமார் 314 ஏக்கர். இது வீடுகள் உள்ள இடம், நுழைந்து படம் பிடிக்கக் கூடாது.

தென்கிழக்கு மூலையில் ஷோஷோனி, டெகோப்பா. கடினக் களிமண் மேட்டைக் குடைந்து சுரங்கக்காரர்கள் குடியிருந்த குகைவீடுகள் ஷோஷோனியில் இருக்கின்றன. டெகோப்பாவில் வெந்நீர் ஊற்று. இங்கிருப்பவர் நீதிமன்றம் போக இண்டிபெண்டன்ஸுக்கு ஏறத்தாழ 200 மைல் ஓட்ட வேண்டும். மளிகைக்கும் மருத்துவத்துக்கும் மாநிலம் தாண்டி நெவாடாவின் பஹ்ரம்ப் போய்வருகிறார்கள். நீங்களும் அந்த வழியில் லாஸ் வேகாஸ் போகலாம். டேங்கைப் பஹ்ரம்பில் நிரப்பிக்கொள்ளுங்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் விலை கணிசமாகக் குறைவு.